உப்புக்குக் கதவு திறந்த சர்க்கரை: சிறுகுடல் உறிஞ்சுதலின் வரலாறு

சிறுகுடல் உணவை எப்படி உறிஞ்சுகிறது என்று கேட்டால், மாணவர்கள் எழுதும் விடை ஏறக்குறைய ஒன்றுதான். குடலுறிஞ்சிகள் ஏராளம், பரப்பளவு அதிகம், சுவர் மெல்லியது, இரத்த நுண்குழாய்கள் நிறைய. எல்லாம் சரிதான், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால், ‘உறிஞ்சுகிறது’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் என்ன நடக்குது? அதைத் தெரிந்துகொள்ள 300 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வகுப்பில் சொல்ல ஒரு கதை வேண்டுமா? இதைச் சொல்லிப் பாருங்கள்.

1622-ஆம் ஆண்டு. இத்தாலிய மருத்துவர் காஸ்பரே அசெல்லி, சற்றுமுன் உணவு உண்டிருந்த ஒரு நாயை அறுத்துப் பார்த்தார். குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல்கள் ஓடின. முதலில் நரம்பு என்றே நினைத்தார். ஒன்றைக் கீறியதும் பால்போன்ற திரவம் வந்தது. உணவு உண்ணாத நாயை அறுத்தபோது அந்த நூல்கள் தென்படவில்லை! செரித்த கொழுப்பு குடலைவிட்டுப் போகும் வழியை அவர் பார்த்துவிட்டார். கொழுப்பு நிணநீர் வழியாகவும், குளுக்கோஸும் அமினோ அமிலமும் இரத்தத்தின் வழியாகவும் போகின்றன என்று இன்று படிக்கிறோமே, அதன் தொடக்கம் இது.

போகும் பாதை தெரிந்தது. ஆனால் குளுக்கோஸ் குடல் சுவரின் செல்லுக்குள் நுழைவது எப்படி? 1960-இல் பிராக் நகரில் நடந்த ஆய்வரங்கில் ராபர்ட் கிரேன் விடை சொன்னார். குளுக்கோஸ் தனியாக நுழைவதில்லை. சோடியத்தோடு சேர்ந்து நுழைகிறது. செல் தன் ஆற்றலைச் செலவிட்டு, உள்ளே வந்த சோடியத்தை மறுபக்கம் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் உள்ளே சோடியம் குறைவாகவே இருக்கும். குடலிலுள்ள சோடியம் அந்தக் குறைவை நோக்கிப் பாயும்போது குளுக்கோஸையும் கூட்டிக்கொண்டு போகிறது. இரண்டும் போன பக்கம் நீரும் போகிறது.

சரி, இதனால் யாருக்கு என்ன பயன்? காலரா நோயாளிக்கு! நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 லிட்டர் நீர் சிறுகுடலுக்குள் வருகிறது. நாம் குடிப்பது அதில் கொஞ்சம்தான். மீதி உடலே சுரப்பது. பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப உறிஞ்சிவிடும். காலரா நஞ்சு இந்தக் கணக்கையே தலைகீழாக்கிவிடுகிறது. உடலின் நீர் குடலுக்குள் கொட்டுகிறது. வெறும் உப்புநீரைக் கொடுத்தாலும் குடல் ஏற்பதில்லை. ஆனால் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக நுழையும் அந்த ஒரு கதவை மட்டும் நஞ்சு அடைப்பதில்லை. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் குளுக்கோஸ் கலந்த உப்புநீரைக் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்து இதை மெய்ப்பித்தார்கள்.

1971-இல் வங்காளதேசப் போர் வந்தது. மேற்கு வங்காளத்தின் எல்லை ஊரான பன்காவுனில் அகதிகள் குவிந்தார்கள், காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோகும் நிலை. மருத்துவர் திலீப் மகலநோபிஸ் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்களே ஊட்டினார்கள். அங்கே 100 நோயாளிகளில் 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அவருடைய பராமரிப்பில் இறந்தோர் 4 பேருக்கும் குறைவாயினர்.

1975-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் இத்தகைய கலவையை ஏற்றுக்கொண்டன. இன்று மருந்தகத்தில் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலம் அதன் வழிவந்ததுதான்.

ஆசிரியர்களே, பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: “வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைக்கு நல்லா இனிப்பான பானம் கொடுத்தால் என்ன ஆகும்?” மாணவர்களே, விடையை இப்படித் தொடங்கலாம்: சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் சவ்வூடு பரவலால் உடலின் நீர் குடலுக்குள் இழுக்கப்படும், வயிற்றுப்போக்கு இன்னும் மோசமாகும். அதனால்தான் 2002-இல் பொட்டலத்தின் குளுக்கோஸ் அளவை 20 கிராமிலிருந்து 13.5 கிராமாகக் குறைத்தார்கள், உப்பையும் குறைத்தார்கள். பொட்டலத்தில் எழுதியிருக்கும் நீரின் அளவை ஏன் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதும் இப்போ உங்களுக்கே புரியும்.