ஈயத்துல வார்த்த விண்வெளி வீரர்கள்

வார்ஹாமர் 40,000 கேள்விப்பட்டிருக்கீங்களா? விரல் உயர விண்வெளி வீரர்களுக்கு நாமே பெயின்ட் அடிச்சு, மேஜையில நிறுத்தி ஆடுற போர் விளையாட்டு. 1987-ல இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்டது. அப்போ வண்டி பொம்மைகள் அரிது. காலி டியோடரன்ட் டப்பாவை வெட்டி ஒட்டி மிதக்கும் டாங்கி செஞ்சாங்க. யோசனை கொடுத்ததே கம்பெனிதான்!

வீரர்கள் பெரும்பாலும் ஈயக் கலவை. சீக்கிரம் உருகும், நுணுக்கமா வார்க்கலாம், கையை வெட்டி வேற பொம்மையில ஒட்டறதும் சுலபம். இதுக்குப் பேரு கன்வர்ஷன்.

டாக்டரா எனக்குக் கவலை இங்கதான். ஈயத்தைச் சும்மா தொட்டா தோல் வழியா பெருசா ஏறாது. அரத்தால ராவும்போது வர்ற தூள் ஏறும், மூச்சுல, கழுவாத கையில. பிரஷ் நுனியை நாக்குல வெச்சுக் கூராக்குற பழக்கம் வேற! பக்கத்துல தவழ்ற குழந்தை நம்மைவிட அதிகமா ஈயத்தை உறிஞ்சும். அடி விழுறது மூளை வளர்ச்சியில.

1990-களின் தொடக்கத்துல நியூயார்க் மாநிலச் சட்டம் வந்ததும் அமெரிக்காவின் ரால் பார்த்தா கலவையை மாத்துச்சு. கேம்ஸ் வொர்க்‌ஷாப் மாறினது 1997-ல.

அதுக்கு முந்தின பொம்மைகளை இன்னிக்கும் தேடி வாங்குறாங்க. வாங்கினா நனைச்சு ராவுங்க, தூளை ஊதாம ஈரத்துணியால துடைங்க.