மைசூர்க் காடுகளும் மாறிவரும் மழையும்

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை வழியாக உதகைக்குச் செல்லும் நெடுஞ்சாலை, தொழிலின் பொருட்டுக் கன்னட நாட்டில் குடியேறி வாழும் தமிழ் மக்கள் பலருக்கும் பழகிய சாலையாகும். ஊருக்குப் போய்வரும் வழியில் பந்திப்பூர்க் காட்டைக் கடக்கும் நாம், யானையோ மானோ கண்ணிற்படுமா என்று நோக்குகிறோமேயன்றி, அக்காட்டின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது அரிது. ஆயினும் அவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. வயநாட்டில் தோன்றி இக்காடுகளைத் தழுவி வரும் கபினி ஆறு, திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு கலக்கின்றது. மைசூர்க் காட்டின் நலத்தையும் தஞ்சை வயலின் நலத்தையும் ஒரே நீர் பிணைத்திருக்கின்றது.

மழை குன்றினால் காடு தன் இயல்பை இழக்கும் என்பதைத் தமிழர் பண்டே உணர்ந்திருந்தனர். வேனிலின் வெம்மையால் நலமிழந்த குறிஞ்சியும் முல்லையுமே பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரத்தின் கருத்து. இக்கருத்துக்கு நீலகிரியின் மண்ணும் சான்று பகர்கின்றது. அம்மலையின் சதுப்பு நிலங்களில் இலையும் புல்லும் மட்கி, அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. அவ்வடுக்குகளில் உள்ள கரியின் தன்மையை அறிவியலறிஞர் சுகுமாரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1993ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தில், வறட்சியைத் தாங்கும் புல்வகைகளே அங்குப் பரவியிருந்தன. பின்னர்ப் பருவமழை வலுப்பெற்றபோது ஈரத்தை விரும்பும் செடிகொடிகள் மேலோங்கின. தட்பவெப்பம் மாறுந்தோறும் மலையின் பசுமையும் மாறியே வந்திருக்கின்றது. ஆனால், அம்மாறுதல்கள் நிகழப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. இன்றோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இதுவரை உலகின் சராசரி வெப்பம் ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஒரு தேக்கு மரத்தின் வாழ்நாளுக்குள் நிகழ்ந்துவிட்ட மாறுதல் இது.

காட்டுக்கும் தட்பவெப்பத்துக்கும் உள்ள உறவை அரசாங்கத்தார் எண்ணத் தொடங்கிய வரலாற்றிலும் மைசூருக்குச் சிறப்பான இடம் உண்டு. 1820ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்த ஹியூ கிளெகார்ன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர், 1847ஆம் ஆண்டளவில் மைசூர் நாட்டின் ஷிமோகாப் பகுதியில் பணியாற்றினார். காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் ‘கும்ரி’ முறையால் மரங்கள் அழிவதைக் கண்டு கவலையுற்றார். அக்காலத்தில் பிரிட்டிஷ் அறிவியற் கழகம், வெப்ப நாட்டுக் காடுகளின் அழிவால் நேரக்கூடிய விளைவுகளை ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. அவரும் அதில் இடம் பெற்றார். அக்குழுவின் அறிக்கை 1851ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. காடு அழிந்தால் மழையும் நீரூற்றும் என்னவாகும் என்பது அன்றைய வினா. மழையும் வெப்பமும் மாறினால் காடு என்னவாகும் என்பது இன்றைய வினா. வினா திசை திரும்பியிருக்கின்றதேயன்றி, பொருள் ஒன்றே.

1864ஆம் ஆண்டில் மைசூரில் வனத்துறை நிறுவப்பட்டது. சந்தனமும் தேக்கும் அரசின் கருவூலத்தை நிரப்பிய காலம் அது. இளங்கன்றுகள் தீக்குத் தாளா. ஆகவே, தீயை முற்றாக விலக்குவதே காட்டைக் காக்கும் வழி எனக் கொள்ளப்பட்டது. காப்புக்காடு என்று நாம் தமிழில் வழங்கும் சொல்லையே சற்று நோக்குவோம். எதைக் காப்பது என்பதை அச்சொல் தெளிவாகக் கூறுகின்றது; யாரிடமிருந்து காப்பது என்பதைக் கூறவில்லை. நடைமுறையில், காட்டுக்குள் வாழ்ந்த மக்களிடமிருந்தே காடு காக்கப்பட்டது. மழை பொய்த்தால் நாடு படும் பாட்டையும் அந்நூற்றாண்டே கண்டது. 1871ஆம் ஆண்டில் 50 லட்சமாக இருந்த மைசூரின் மக்கள்தொகை, 1876 முதல் 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்துக்குப் பின், 1881ஆம் ஆண்டில் 42 லட்சத்துக்கும் குறைவாகச் சுருங்கிற்று. பிற்காலத்தில் மைசூர் மன்னர் 1931ஆம் ஆண்டில் பந்திப்பூரில் விலங்குச் சரணாலயம் அமைத்தார். 1941ஆம் ஆண்டில் அது வேணுகோபால வனவிலங்குப் பூங்காவாக விரிவடைந்தது. 1973ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாயிற்று.

பந்திப்பூருக்குக் கிழக்கே, முன்னர் மைசூர் மாவட்டத்தில் இருந்து 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்த பிளிகிரிரங்கன் மலையில் சோலிகர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். வேனிலின் தொடக்கத்திலேயே, நிலத்தில் ஈரம் எஞ்சியிருக்கும்போது, சருகுக்கு மட்டும் தீயிடுவது அவர்கள் வழக்கமாக இருந்தது. இதனை அவர்கள் ‘தரகு பெங்கி’, அதாவது சருகுத்தீ என்பர். தாழ்ந்து எரியும் இத்தீ பெருமரங்களைச் சுடுவதில்லை; புதிய புல் தளிர்க்க வழி செய்யும்; பின்னாளில் பெருந்தீ பற்றுவதற்கு வேண்டிய சருகையும் குறைத்துவிடும். 1974ஆம் ஆண்டில் அம்மலை சரணாலயமானபின் இவ்வழக்கம் தடுக்கப்பட்டது.

தீ தடுக்கப்பட்ட காட்டில் உண்ணிச்செடி பெருகியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக அயல்நாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட செடி இது. இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுப் பரப்பில் இது பரவியுள்ளதாக 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. சருகுத்தீ நின்றதே இச்செடி பெருகியதற்கு ஒரு காரணம் என்று சோலிகர் கூறுகின்றனர். ஆய்வாளர் சிலரும் அதனை ஆராயத்தக்க கருத்தாகக் கொண்டுள்ளனர். நெருங்கி வளர்ந்து வேனிலில் உலர்ந்த உண்ணிப் புதரில் தீப்பொறி விழுந்தால், அது நிலத்தோடு நில்லாது மரக்கிளைகள்வரை ஏறுகின்றது. 2019 பிப்ரவரி இறுதியில் பந்திப்பூரில் பல ஆயிரம் ஏக்கர் எரிந்தபோது, விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் நீர் சுமந்து வந்து ஊற்ற வேண்டியதாயிற்று.

பந்திப்பூரை அடுத்துள்ள நம் முதுமலையில், இந்திய அறிவியற் கழகத்தார் 1988ஆம் ஆண்டில் 50 ஹெக்டேர் நிலத்தை வரையறுத்து, அதிலுள்ள மரங்களுக்கு எண்ணிட்டு, அவற்றின் வளர்ச்சியையும் இறப்பையும் தொடர்ந்து கணக்கிட்டு வருகின்றனர். அங்கே அறியப்பட்ட உண்மை ஒன்று நம் கருத்துக்குரியது. மழை பொய்த்த ஆண்டிலேயே பெருமரங்கள் மடிந்துவிடுவதில்லை. 2, 3 ஆண்டுகள் கழித்தே அவற்றின் இறப்பு மிகுகின்றது. 2023ஆம் ஆண்டின் ஆகஸ்டு, இந்தியாவில் 1901ஆம் ஆண்டிலிருந்து பதிவான ஆகஸ்டு மாதங்களுள் மழை மிகக் குறைந்தது. கர்நாடகத்தில் 200க்கும் மேற்பட்ட தாலுகாக்கள் அவ்வாண்டில் வறட்சிக்குள்ளானவையாக அறிவிக்கப்பட்டன. அத்தகைய ஆண்டுக்குப் பின் மழை பெய்து காடு பசுமையுற்றதைக் கண்டு, இடர் நீங்கிற்று என்று கருதலாகாது. காடு தன் கணக்கைத் தாமதமாகவே தீர்க்கின்றது.

இனிச் செய்யத்தக்கது யாது? பழைய சருகுத்தீயை அப்படியே மீண்டும் மூட்டிவிடலாம் எனக் கூறுதல் எளிது. ஆனால், உண்ணிப் புதர் நிறைந்த காட்டில் அன்றைய சிறுதீயும் இன்று பெருந்தீயாகிவிடும். முதலில் புதரை வேரோடு களைதல் வேண்டும்; களைந்த இடத்தில் நாட்டுப் புல்லும் மரமும் வளரச் செய்தல் வேண்டும்; அதன்பின்னரே, இடமும் காலமும் அறிந்து, சிறுதீயைச் சிறிது சிறிதாகச் சோதித்தல் தகும். தீத்தடுப்புக் கோடுகளை வேனில் முதிருமுன்னரே செப்பனிடுதலும், ஒரே இன மரங்களை வரிசையாக நடுவதைக் குறைத்துப் பலவகை மரங்களைப் பேணுதலும் வறட்சிக்கு ஈடுகொடுக்க உதவும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2011ஆம் ஆண்டில் பிளிகிரிரங்கன் மலைச் சோலிகருக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் அம்மலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. மாதேசுவரன் மலைப் பகுதியில் உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு நாற்காலியும் கூடையும் முடையும் தொழிலிலும் சோலிகர் பலர் ஈடுபட்டுள்ளனர். காட்டுக்குப் பகையான செடி அவர்கள் கையில் கூலியாக மாறுகின்றது. ஆனால், களையும் வேகத்தைவிடச் செடி பரவும் வேகம் பெரிது. இதற்கு அரசின் தொடர்ந்த பொருளுதவியும் வேண்டும். தீயை அறிந்த முதியவர்கள் அம்மலையில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் அறிவு அவர்களோடு மறைவதற்கு முன், வனத்துறையார் அதனைக் கேட்டுக் குறித்துக்கொள்வது, மழை மாறிவரும் இக்காலத்தில் காட்டுக்குச் செய்யும் பேருதவியாகும்; கபினியின் நீரை எதிர்நோக்கும் நமக்கும் அதில் பங்குண்டு.