கேட்ட குரலை நேரிற் காணுதல்



ஒரு பாடகரைப் பல்லாண்டுகள் செவியினால் மட்டுமே அறிந்து, பின்னர் ஒருநாள் அவரை மேடையிலே நேரிற் காண்பது இருபதாம் நூற்றாண்டு நமக்கு அளித்த புதியதோர் அனுபவம். நம் முன்னோர் இதனை அறியார். அவர்கள் காலத்தில் பாட்டு ஒலித்த இடத்திலெல்லாம் பாடுபவரும் கண்முன்னே இருந்தார்.

கண்ணுக்கும் செவிக்கும் இருந்த இவ்வுறவைப் பழந்தமிழர் எத்துணை மதித்தனர் என்பதற்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையே சான்று. அரங்கு ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்று இளங்கோவடிகள் அளவு கூறுகின்றார். தூண்களின் நிழல் ஆடுவோர்மேல் விழாதவாறு விளக்குகளை வைக்கவேண்டும் என்பதையும் அவர் மறந்தாரல்லர்.

நமது கிழக்குக் கரையிலும் இதே நிலைதான். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோவிலின் ஆடியமாவாசைத் தீர்த்தத்துக்குத் திரண்டவர்கள், நாதஸ்வரக்காரரின் கன்னம் புடைப்பதைக் கண்டுகொண்டே கேட்டனர். வடமோடி, தென்மோடிக் கூத்துகளை விடியுமட்டும் விழித்திருந்து பார்த்தனர். முஸ்லிம் ஊர்களின் கந்தூரிகளிலே பக்கீர்மார் றபான் தட்டிப் பாடிய பைத்துகளைச் சூழ நின்று கேட்டனர். சூடடிக்கும் களத்தில் எழுந்த பொலிப்பாட்டைப் பாடியவரோ, பக்கத்து வளவுக்காரர்.

இந்த உறவை முதலில் அறுத்தது கிராமபோன். ஒரு தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். மேடையிலே ஒரு மணிநேரம் விரியக்கூடிய இராகம் அந்த மூன்று நிமிடத்துள் ஒடுங்கவேண்டியதாயிற்று. ஆயினும் அச்சிறு வட்டத்தட்டு கடல் கடந்தது; பாடகரைக் காணாதவனும் அவருக்கு இரசிகன் ஆனான்.

அக்காலத்திலே குரலுக்குப் பெயர்பெற்றவர் இருவர். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா ஒருவர்; கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் மற்றவர். 1920களின் நடுப்பகுதியில் இவ்விருவரையும் ஒரே மேடையில் முதன்முதல் இணைத்த பெருமை நமது கொழும்புக்கே உரியது. ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழும்படி பாடுவதே நடிகனின் முதற்றகுதி. 1933இல் கிட்டப்பா இளவயதிலேயே மறைந்தார். அவருடைய இசைத்தட்டுகள் மட்டும் எஞ்சின. இறந்தவரின் குரலைக் கேட்டு உயிரோடிருப்பவர் உருகும் விந்தையையும் தமிழ் உலகம் அப்போது கண்டது.

அடுத்து வந்தது வானொலி. கொழும்பு நிலையம் முறையாக ஒலிபரப்பைத் தொடங்கியது 1925 டிசம்பர் 16ஆந் திகதி. அது 1949இல் இலங்கை வானொலி என்ற பெயர் பெற்றது. அடுத்த ஆண்டில் வர்த்தக சேவையும் தோன்றியது. 1952இன் பின்னர் இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தபோது, தமிழகத்து நேயர்கள் கொழும்பை நோக்கித் தங்கள் பெட்டிகளைத் திருப்பினர். அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரல் அக்கரையில் வீட்டுக்கு வீடு அறிமுகமாயிற்று. பாடுபவரை மட்டுமன்றி, பாட்டை அறிவிப்பவரையும் ஒருமுறை காணவேண்டும் என்ற ஆசை மக்களுக்கு உண்டாயிற்று.

கொழும்பு நிலையம் பிறந்து ஒன்பது நாட்கள் கழித்து, 1925 டிசம்பர் 25ஆந் திகதி, தமிழகத்திலே ஒரு குழந்தை பிறந்தது. அதுவே பின்னாளில் இசைமுரசு என்று புகழப்பெற்ற நாகூர் இ. எம். ஹனிபா. இவ்விரு பிறப்பும் ஒரே மாதத்தில் நேர்ந்தது தற்செயலே. ஆயினும் கிழக்கிலங்கை நேயர்களுக்கு அவ்விரண்டையும் பிரித்து நினைத்தல் அரிது. திருக்கோவிலிலிருந்து கல்முனை செல்லும் கரையோர வீதியில் தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும். அவ்வழியெங்கும் தேநீர்க்கடைப் பெட்டியிலிருந்து அவர் குரல் கேட்டது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் நாகூர் சாஹுல் ஹமீது நாயகத்தின் பெயரால் எழுந்தது. ஆண்டுதோறும் அங்கே கொடியேற்றம் நடைபெறுகின்றது. ஆதலால் நாகூர் என்ற ஊர்ப்பெயரே அக்கரைவாசிகளுக்குச் சொந்த ஊர்ப்பெயர் போன்றது.

ஹனிபா இலங்கைக்கு வந்து பாடியுள்ளார். மலேசியா, சிங்கப்பூர் மேடைகளும் அவரை அறியும். குரலைக் கேட்டே வளர்ந்த எம்போன்ற இரசிகர்கள் அவரை மேடையில் முதன்முதல் கண்டபோது அடைந்த உணர்ச்சிகள் பெரும்பாலும் ஒத்தவை. முதலாவது, ஒரு திகைப்பு. இத்தனை பெரிய ஓசை இந்த ஓர் உடம்பிலிருந்தா எழுகின்றது என்ற ஐயம். கேட்டுக் கேட்டு மனம் வரைந்து வைத்த முகம் வேறு; எதிரே நிற்கும் முகம் வேறு. முதற்பாட்டு முடியுமட்டும் கண்ணும் காதும் வழக்காடுகின்றன. இரண்டாம் பாட்டிலே வழக்கு ஓய்ந்துவிடும். அதன்பின் அக்குரலுக்கு வேறு முகத்தை எண்ணவும் இயலாது.

இரண்டாவது, மூச்சு. உச்சத்தானத்தில் சொல் சிதையாமல் நிற்பதற்கு முன்னே, மார்பு விரிந்து காற்றை வாங்குவதைக் காண்கின்றோம். வானொலியில் எளிதாய்த் தோன்றியது எத்துணை உழைப்பு என்பது அப்போதே விளங்குகின்றது. மூன்றாவது, கூட்டம். வீட்டிலே தனியே கேட்டபோது நம்முடையது என்று எண்ணியிருந்த பாட்டுக்கு, பக்கத்தில் இருப்பவனும் கண்ணீர் விடுகின்றான். அவன் எந்த ஊர், எந்தச் சமயம் என்று யாரும் கேட்பதில்லை.

இறுதியாகச் சொன்னதை நமது கரையோரத்தார் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்ற அவருடைய பாடலை இந்துக்களும் கிறித்தவர்களும் தமதாகவே கொண்டனர். 1961இல் வெளியான 'பாவமன்னிப்பு' படத்தில் டி. எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து அவர் பாடிய பெருநாட் பாடலும் அவ்வாறே. ஆனால் 1985இலும் 1990இலும் இக்கரையிலே தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர்மேல் ஒருவர் ஐயங்கொண்டு இரத்தம் சிந்தினர். ஒரே பாட்டைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் இரவிலே ஒன்றையொன்று அஞ்சிக் கதவடைத்தன. பாட்டு அதனைத் தடுக்கவில்லை என்பதை மறைத்தல் தகாது. பாட்டுக்கு அத்தகைய வலிமை உண்டென்று புனைந்துரைப்பதும் தகாது. பகை தணிந்த பின்னர், நமக்குள் பொதுவாக எஞ்சியிருப்பவை எவை என்று தேடிய வேளையில், கைக்கெட்டிய சிலவற்றுள் அக்குரலும் ஒன்றாய் இருந்தது. அவ்வளவே அதன் பணி. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை கல்முனையையும் காரைதீவையும் திருக்கோவிலையும் வேறுபாடின்றித் தாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரிலே கையேந்தும் பாட்டுக்குப் பொருள் தேடவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை.

காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஏட்டில் மட்டுமே வாழ்ந்த யாழைக் கண்ணாற் காணவும் செவியாற் கேட்கவும் அன்று சபையோர்க்கு வாய்த்தது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். சென்றவர்கள் பேறு பெற்றனர். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள் இழந்தனர்.

நாகூர் ஹனிபா 2015 ஏப்பிரல் 8ஆந் திகதி சென்னையிலே காலமானார். இன்று அவருடைய பாட்டை உள்ளங்கைக் கருவியிலே நினைத்த நொடியிற் கேட்கலாம், உருவத்தையும் காணலாம். எனினும் அவர் மூச்சு வாங்கிய காற்றையே நாமும் வாங்கிக்கொண்டு அமர்ந்திருத்தல் இனி ஒருவருக்கும் இயலாது. நேயர்களே, உங்கள் உள்ளங்கவர்ந்த பாடகர் எவரேனும் இப்போது உயிரோடிருந்து, உங்கள் ஊருக்கு அண்மையில் பாட வருகின்றார் என்று கேள்விப்பட்டால், வேலையை ஒருநாள் ஒத்திவையுங்கள். பக்கத்து ஊர் நண்பரையும் உடனழைத்துச் செல்லுங்கள்.