நீலகிரி எக்ஸ்பிரஸ்

சென்னை சென்ட்ரலுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே தினமும் ஓடும் இரவு நேர அதிவிரைவு வண்டி (எண் 12671/12672). புளூ மவுண்டன் எக்ஸ்பிரஸ் என்று சொன்னால்தான் மூத்த தலைமுறைக்கு விளங்கும். இரவு ஒன்பது மணிவாக்கில் சென்ட்ரலிலிருந்து கிளம்பி, அம்பத்தூர், ஆவடி வழியே மேற்கே விரைந்து, சேலம், ஈரோடு, கோவையைத் தாண்டி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. ஊட்டி மலை ரயிலுக்கு இணைப்பு வண்டி என்பதே இதன் தனிச்சிறப்பு.

வண்டியைவிடத் தடம் பழையது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆவடி வழியாகத்தான் சென்றது. 1862இல் தடம் போத்தனூரை எட்டியது. 1873இல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளை பிரிந்தது. கோடையில் சென்னை மாகாண அரசாங்கமே உதகைக்கு இடம்பெயர்ந்த காலம் அது. ரயிலை விட்டு இறங்கியவர்கள் குதிரை வண்டியிலும் மாட்டு வண்டியிலும் மலையேறினார்கள். மலை ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் தொட்டது.

அந்த மலைத்தடத்தில், கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி என்ற ஏற்றம் வரும். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு, சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த நீராவி எஞ்சின்கள் ஏறின. சமவெளியிலும் சுவிஸ் கைவண்ணம் உண்டு. 1955 அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். ஆலை, சுவிஸ் நிறுவனமொன்றின் வடிவமைப்பில்தான் பெட்டி கட்டத் தொடங்கியது. நீலகிரி எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகள் பல்லாண்டு இழுத்துச் சென்ற நீலப் பெட்டிகள், அவை பிறந்த ஆலையின் பக்கத்துத் தடத்திலேயே இரவுதோறும் ஓடின.

அந்த வடிவமைப்புக்கு முதுமை வந்தது. விபத்தில் ஒரு பெட்டிமேல் மற்றொன்று ஏறிவிடும் அபாயம் அதில் அதிகம், அதன் இடத்துக்கு வந்த எல்.எச்.பி. வகைப் பெட்டி அந்த அபாயத்தைத் தடுக்கிறது. 2018 ஜனவரியில் ஐ.சி.எஃப். தன் பழைய வகையின் கடைசிப் பெட்டியைக் கட்டி அனுப்பியது.

2023 ஏப்ரல் 8 அன்று சென்னை–கோவை வந்தே பாரத் வந்தது. ஆறு மணி நேரத்துக்குள் கோவையை அடையும் அந்த வண்டியும் ஐ.சி.எஃப். தயாரிப்புதான். ஆனால் கோவையோடு அது நின்றுவிடும். 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மலை ரயிலைக் காலை ஏழு மணிவாக்கில் பிடிக்க வேண்டிய சென்னைவாசிக்கு, மேட்டுப்பாளையம்வரை ஒரே வண்டியில் தூங்கிப் போக உதவுவது இந்தப் பழைய இரவு வண்டியே.