இணையத் தாக்குதல்: எச்சரிக்கைப் பட்டியலைக் கண்காணிப்பு மேடையுடன் இணைப்பது எப்படி?

கிள்ளான் – கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினி அமைப்புகள் 2025 மார்ச் 23ஆம் தேதி இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. தாக்கியவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் பிணைப்பணம் கேட்டனர். அதைக் கொடுக்க மறுத்துவிட்டதாகப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் மார்ச் 25ஆம் தேதி போலீஸ் தின விழாவில் அறிவித்தார். விமான நேரங்களை வெள்ளைப் பலகையில் கையால் எழுதிவைத்த படங்கள் அந்த நாள்களில் சமூக ஊடகங்களில் பரவின.

விமான நிலையத்திற்கு வந்தது நமக்கு ஏன் என்று கிள்ளானில் இருப்பவர்கள் கேட்கலாம். 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் நாட்டின் 11 துறைகளை முக்கியத் தகவல் கட்டமைப்பாக வரையறுக்கிறது. போக்குவரத்து, மருத்துவம், வங்கி, எரிசக்தி ஆகியவற்றோடு வேளாண்மையும் தோட்டத் தொழிலும் அப்பட்டியலில் உள்ளன. எல்லா நிறுவனங்களையும் அச்சட்டம் கட்டாது. அந்தந்தத் துறையின் பொறுப்பாளர் குறித்துக் காட்டும் நிறுவனங்களை மட்டுமே கட்டும். ஆனால் அவற்றோடு மின்னஞ்சலிலும் கணக்கிலும் தொடர்புடைய லோரி நிறுவனங்கள், சரக்கு முகவர்கள், கிடங்குகள், தொழிற்சாலைகள் ஆகியவை கிள்ளான் துறைமுகத்திலிருந்து மேரு வரை நிறைந்திருக்கின்றன. ஊழியர்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், சம்பளப் பட்டியல் எல்லாம் இந்த நிறுவனங்களின் கணினிகளில்தான் இருக்கின்றன.

இத்தகைய நிறுவனங்களிடம் இப்போது அடிக்கடி பேசப்படும் ஒன்று, ‘திரெட் இன்டெலிஜென்ஸ் ஃபீட்’ எனப்படும் அச்சுறுத்தல் தகவல் பட்டியல். அதை மேகக் கண்காணிப்பு மேடையுடன் இணைத்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்கின்றனர். இணைப்பது கடினமில்லை. இணைத்த பிறகு அதைப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

ஜாகாவின் புத்தகமும் போலீஸ் பட்டியலும்

கிடங்கு வாசலில் நிற்கும் ஜாகா, வரும் போகும் ஒவ்வொரு லோரியின் எண்ணையும் நேரத்தையும் புத்தகத்தில் எழுதுகிறார். திருடுபோன லோரிகளின் எண்கள் போலீசிடமிருந்து ஒரு பட்டியலாக வருகின்றன. பட்டியல் மேசை இழுப்பறையிலும் புத்தகம் வாசலிலும் கிடந்தால் பயனில்லை. இரண்டையும் ஒருவர் ஒப்பிட வேண்டும். பொருந்தும் எண் கண்ணில் பட்டதும் யாருக்குச் சொல்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கணினியிலும் இதே கதைதான். யார் எப்போது உள்ளே நுழைந்தார், எந்த முகவரியோடு தொடர்புகொண்டார், எந்தக் கோப்பைத் திறந்தார் என்பதைக் கணினிகள் தாமாகவே எழுதிவைக்கின்றன. இந்தப் பதிவேட்டுக்கு ‘லாக்’ என்று பெயர். குற்றவாளிகள் பயன்படுத்தும் ஐபி முகவரிகள், போலி இணையத்தளப் பெயர்கள், தீய கோப்புகளின் கைரேகை போன்ற ‘ஹேஷ்’ எண்கள் ஆகியவற்றின் தொகுப்பே அச்சுறுத்தல் பட்டியல். இரண்டையும் ஒப்பிடும் இடம் ‘சியெம்’ எனப்படும் கண்காணிப்பு மேடை.

முன்பு இந்த மேடையை நிறுவனத்தின் சொந்தக் கணினி அறையில்தான் வைக்க வேண்டியிருந்தது. இப்போது மைக்ரோசாஃப்ட் சென்டினல், கூகுள் செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் போன்றவற்றை மேகக் கணிமையில் வாடகைக்கு எடுக்கலாம். அமேசானின் கார்ட்டியூட்டி சேவையிலும் சொந்தமாக ஓர் அச்சுறுத்தல் பட்டியலை ஏற்றலாம். வாஸு என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

பட்டியல் எங்கிருந்து வருகிறது?

மலேசியாவில் 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மைசெர்ட் குழு, சைபர்செக்யூரிட்டி மலேசியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. புகார்களைப் பெறுவது, எச்சரிக்கை அறிக்கைகளை வெளியிடுவது ஆகியவை அதன் பணி. ‘லெபாநெட்’ என்ற பெயரில் பொறிக் கணினிகளின் வலையமைப்பு ஒன்றையும் அது நடத்தி வந்துள்ளது. லெபா என்றால் மலாயில் தேனீ. தேனைத் தேடி வருவதுபோல் தாக்குபவர்கள் அந்தப் பொறிக் கணினிகளைத் தேடி வருவார்கள். வந்தவர்களின் முகவரியும் அவர்கள் விட்டுச்செல்லும் தீய மென்பொருளும் பதிவாகும்.

வெளிநாட்டிலிருந்தும் இலவசப் பட்டியல்கள் கிடைக்கின்றன. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அபியூஸ்.சிஎச் திட்டத்தின் யூஆர்எல்ஹவுஸ், தீய மென்பொருளைப் பரப்பும் இணைய முகவரிகளைச் சேகரிக்கிறது. பெல்ஜியத்தில் பிறந்து இன்று பல நாடுகளில் பயன்படும் மிஸ்ப் மென்பொருள், நிறுவனங்கள் தங்களுக்குள் தகவலைப் பகிர்ந்துகொள்ள உதவுகிறது. கட்டணப் பட்டியல்களை விற்கும் நிறுவனங்களும் உள்ளன.

எல்லாரும் ஒரே வடிவத்தில் எழுதினால்தானே ஒருவர் தகவலை மற்றவர் கணினி படிக்கும்? அதற்காக ஸ்டிக்ஸ் என்ற எழுத்து வடிவமும், அதை அனுப்பும் டேக்சி என்ற வழிமுறையும் உருவாக்கப்பட்டன. இரண்டின் 2.1 பதிப்பையும் ஓயாசிஸ் அமைப்பு 2021 ஜூனில் தரநிலையாக ஏற்றது. ஒரு முகவரி தீயது என்பதோடு எப்போதிருந்து, எதுவரை அது செல்லும், எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதையும் ஸ்டிக்ஸ் குறிப்பில் எழுத முடியும்.

இணைக்கும் படிகள்

முதல் படி, பதிவேடுகளைச் சேர்ப்பது. நுழைவுப் பதிவு, மின்னஞ்சல், தீச்சுவர் எனப்படும் ஃபயர்வால், டிஎன்எஸ் ஆகியவற்றின் பதிவுகள் மேடைக்கு வந்துசேர வேண்டும். பதிவேடு வராத இடத்தில் எந்தப் பட்டியலும் எதையும் கண்டுபிடிக்காது. சென்டினல் போன்ற சேவைகளில் அனுப்பும் தரவின் அளவைப் பொறுத்தே கட்டணம் கூடும். ஆகவே எவை அவசியம் என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். பல மேடைகள் அனைத்துலக நேரத்தில் பதிவுசெய்யும். மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இதை மறந்தால் இரவில் நடந்தது பகலில் நடந்ததுபோல் தெரியும்.

இரண்டாவது படி, இரண்டு மூன்று பட்டியல்களைத் தேர்ந்தெடுப்பது. நிறைய இருந்தால் நல்லது என்று 20 பட்டியல்களைக் கொட்டினால் எச்சரிக்கை மழையாகப் பொழியும். பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது படி, இணைப்பு. டேக்சி வழியாக இணைக்கும்போது, பட்டியல் தருபவரின் சேவையக முகவரி, தொகுப்பின் அடையாள எண், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை மேடையில் நிரப்ப வேண்டும். நிமிடத்திற்கு ஒருமுறையா, மணிக்கு ஒருமுறையா, நாளுக்கு ஒருமுறையா என்று புதுப்பிக்கும் இடைவெளியையும் குறிக்க வேண்டும். கடவுச்சொல் காலாவதியானால் பட்டியல் சத்தமில்லாமல் நின்றுவிடும். திரையோ அமைதியாக இருக்கும், ஆபத்து இல்லை என்றே எல்லாரும் நினைப்பார்கள். அதனால் ‘ஒரு நாளாகப் புதிய தகவல் வரவில்லை’ என்று சொல்லும் தனி எச்சரிக்கையும் தேவை.

நான்காவது படி, விதி எழுதுவது. பட்டியலில் உள்ள ஐபி முகவரியைத் தீச்சுவர்ப் பதிவோடும், தளப் பெயரை டிஎன்எஸ் பதிவோடும், ஹேஷ் எண்ணைக் கோப்புப் பதிவோடும் பொருத்தச் சொல்ல வேண்டும். பெரிய மேடைகளில் தயார் விதிகள் உள்ளன. புதிய தகவல் வந்ததும் பழைய பதிவுகளிலும் தேட வேண்டும். லோரி எண் பட்டியலுக்கு வரும் முன்பே அந்த லோரி வாசலைக் கடந்திருக்கக்கூடும். பதிவேட்டை 7 நாளில் அழித்துவிடும் நிறுவனத்தால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஐந்தாவது படி, சோதனை. தங்களுக்குச் சொந்தமான, தீங்கில்லாத ஒரு முகவரியைப் பட்டியலில் சேர்த்து, அலுவலகக் கணினி ஒன்றிலிருந்து அதைத் திறந்து பார்க்க வேண்டும். எச்சரிக்கை வந்ததா, யார் கைத்தொலைபேசிக்கு வந்தது, எத்தனை நிமிடத்தில் வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலை அப்படியே நம்பலாமா?

2017 மே 12ஆம் தேதி வானாகிரை என்ற பிணைப்பண மென்பொருள் பரவத் தொடங்கி, 150க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கியது. அது ஒரு விநோதமான தளப் பெயரைத் தொடர்புகொள்ள முயன்றது. பதில் கிடைத்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் நின்றுவிடும். பிரிட்டனைச் சேர்ந்த மார்க்கஸ் ஹட்சின்ஸ் அந்தப் பெயரைப் பதிவுசெய்ததால் பரவல் பெரிதும் அடங்கியது. ஆனால் அந்தப் பெயர் தீய மென்பொருள் தேடும் பெயர் என்பதால் அச்சுறுத்தல் பட்டியலில் சேர்வது இயல்பு. பட்டியலைப் பார்த்து அதைத் தடுத்த நிறுவனங்கள், தங்களைக் காப்பாற்றக்கூடிய பதிலையே தடுத்துவிட்டன. அதைத் தடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் அறிவுறுத்த வேண்டியிருந்தது.

கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 போன்ற நல்ல முகவரிகளும் தவறுதலாகப் பட்டியல்களுக்குள் வந்துவிடுவதுண்டு. இதற்காகவே மிஸ்ப் மென்பொருளில் ‘இவை பொதுவாகத் தீங்கற்றவை’ என்று நினைவூட்டும் தனிப் பட்டியல்கள் உள்ளன. ஆகவே புதிய பட்டியலைச் சில வாரங்களுக்கு எச்சரிக்கை மட்டும் எழுப்பும் நிலையில் வைத்துப் பார்த்த பிறகே, தானாகத் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுப்பது நல்லது.

பட்டியலுக்கு வயதும் உண்டு. தாக்குபவர் ஐபி முகவரியை எளிதில் மாற்றிவிடுவார், ஹேஷ் எண்ணை அதைவிட எளிதில் மாற்றிவிடுவார். நேற்று திருடன் வைத்திருந்த முகவரி நாளை ஒரு பள்ளிக்குப் போகலாம். தாக்குபவர்கள் செயல்படும் முறையை அறிந்து அதைக் கண்காணித்தால்தான் அவர்களுக்கு உண்மையான வலி ஏற்படும் என்று டேவிட் பியான்கோ 2013ஆம் ஆண்டு விளக்கினார். நள்ளிரவில் கணக்குப் பிரிவு ஊழியர் வேறு நாட்டிலிருந்து நுழைகிறார், அடுத்த சில நிமிடங்களில் காப்பு நகல்கள் அழிக்கப்படுகின்றன என்றால், எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாவிட்டாலும் அது ஆபத்துதான்.

எச்சரிக்கை ஒலித்த பிறகு

இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்ட் 26ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்கீழ் குறிக்கப்பட்ட நிறுவனம் ஒரு சம்பவத்தை அறிந்தவுடன் தெரிவிக்க வேண்டும். முதற்கட்ட விவரங்களை 6 மணி நேரத்திற்குள்ளும், கூடுதல் விவரங்களை 14 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு வரும் எச்சரிக்கையைத் திங்கட்கிழமை காலை பார்க்கும் அலுவலகத்திற்கு அந்த 6 மணி நேரம் எந்த அளவுக்கு உதவும்?

சிறிய நிறுவனங்களுக்கும் வேறொரு கடமை வந்திருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1ஆம் தேதி முதல் பெரும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்திற்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். எது கசிந்தது என்று சொல்லப் பதிவேடு வேண்டும். அது இல்லாதவர் எல்லாமே கசிந்ததாகத்தான் கருத வேண்டியிருக்கும்.

24 மணி நேரமும் பார்க்க ஆளில்லாத நிறுவனங்கள் கண்காணிப்பை வெளியாரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் கண்காணிப்பு மையச் சேவை, ஊடுருவல் சோதனை ஆகிய இரண்டுக்கும் இப்போது உரிமம் கட்டாயம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உரிமத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இரவில் யார் பார்ப்பார், யாரை அழைப்பார், கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சிறு கடைகளுக்கு

ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை வைத்திருப்பவருக்கு இந்த மேடை தேவையில்லை. அவருக்குப் போலீசின் ‘செமாக் மியூல்’ தளம் இருக்கிறது. பணம் அனுப்பும் முன் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ அதில் தட்டினால், புகாருக்கு உள்ளானதா என்று காட்டும். அதுவும் ஓர் அச்சுறுத்தல் பட்டியல்தான். அதில் இல்லாத எண் எல்லாம் நல்ல எண் என்று எண்ணிவிடக் கூடாது. புதிதாகத் திறந்த மோசடிக் கணக்கின் மீது இன்னும் யாரும் புகார் செய்திருக்க மாட்டார்.

பணம் ஏமாந்தவர்கள் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை உடனே அழைக்க வேண்டும். கணினித் தாக்குதல் என்றால் சைபர்999 உதவி மையத்தை 1-300-88-2999 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம். வெட்கப்பட்டு மறைத்துவிட்டால் குற்றவாளியின் எண்ணும் முகவரியும் எந்தப் பட்டியலுக்கும் போகாது. ஒருவர் கொடுக்கும் புகார்தான் அடுத்தவருக்கு எச்சரிக்கையாக வந்துசேர்கிறது.