இடையன் பாட்டு

'அலெக்ரோ' என்றால் உற்சாகமாக, வேகமாக. 1738-ல் அச்சான தன் டி மைனர் ஸொனாட்டா ஒன்றின் (கே. 9) தலையில் ஸ்கார்லட்டி போட்ட வார்த்தை அதுதான். எவ்வளவு வேகம்? அளந்து சொல்ல மெட்ரோனோம் எல்லாம் அப்போது ஏது!

ஹார்ப்ஸிகார்டுக்கு எழுதிய இதை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் டௌஸிக் என்ற பியானோ புலி, ஸ்ருதியை ஈ மைனருக்கு ஏற்றி, 'பாஸ்டொரேல்' (இடையன் பாட்டு) ஆக்கிவிட்டார். ஸ்ருதி ஒட்டவில்லை, பெயர் ஒட்டிக்கொண்டது.

1947-ல் ருமேனியாவின் டினு லிபாட்டி, பழைய டி மைனரிலேயே வாசித்துப் பதிவு செய்தார். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். வேகமா? ம்ஹூம். சாயங்காலம் மந்தை வீடு திரும்புகிற நிதானம். மைனர்தான், ஆனாலும் அழுகை கிடையாது. லேசான ஏக்கம், அவ்வளவே. 1950-ல், 33 வயதில் அவர் இறந்துபோனது தெரிந்தால் சோகம் கூடுதலாகக் கேட்கும். அது நம் காதின் வேலை. ஸ்கார்லட்டி கேட்டிருந்தால், 'அலெக்ரோன்னுதானேப்பா எழுதினேன்?' என்று முறைத்திருப்பார். நான் லிபாட்டி கட்சி.