ஒரு சில்லின் பிழையைப் பிரதியெடுத்தல்

கமடோர் 64ல் பேசிக் பழகியவர்களுக்கு ‘போக் 54296,15’ என்கிற வரி கைப்பழக்கமாகவே இருந்திருக்கும். ஒலியை முழு அளவுக்குத் திறந்துவிடும் கட்டளை அது. 54296ங்கிறது சிட் என்ற ஒலிச்சில்லின் வால்யூம் ரெஜிஸ்டர் இருக்கும் முகவரி. அதில் 0 முதல் 15 வரை பதினாறு படிகள். ரேடியோவில் திருகுகிற குமிழ் மாதிரிதான், வேறொன்றுமில்லை.

சிட்டை வடிவமைத்தவர் பாப் யானஸ். கமடோருக்குச் சொந்தமான மாஸ் டெக்னாலஜியில் வேலை செய்தார். 1982 ஜனவரி மின்னணுக் கண்காட்சிக்குள் கணினியைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடி. வீட்டுக் கணினிகள் கீச்சுக்குரலில் கத்திக்கொண்டிருந்த காலத்தில் இவர் மூன்று குரல்களும் ஒரு ஃபில்டரும் கொண்ட சின்ன சிந்தசைசரையே ஒரு சில்லுக்குள் அடைத்தார். அவசரத்தின் தடமும் அதில் இருந்தது. ஃபில்டரில் தனக்குத் திருப்தி இல்லை என்று பிற்பாடு யானஸே சொல்லியிருக்கிறார். இன்னொரு குறை, குரல்கள் சும்மா இருக்கும்போதும் உள்ளே ஒரு நிலையான மின்னழுத்தம் வால்யூம் பகுதி வழியாகக் கசியும். அதனால் குமிழைத் திருகினாலே ‘டிக்’கென்று ஒரு சத்தம்.

பொறியாளருக்கு அது குறை. நிரல் எழுதியவர்களுக்கோ அது நான்காவது குரல்! வால்யூமை ஒரு நொடிக்குள் சில ஆயிரம் முறை மாற்றினால் அந்த ‘டிக்’குகள் ஒன்றுசேர்ந்து பதிவுசெய்த ஒலியாகவே கேட்கும். மார்ட்டின் கால்வே 1987ல் ஆர்கனாய்டு விளையாட்டுக்குச் செய்த இசையில் மேளச் சத்தம் இப்படி வந்ததுதான். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பிறகு 8580 என்ற திருத்திய சில்லு வந்தது. கசிவு அடைக்கப்பட்டது, கூடவே மேளமும் ஏறக்குறைய அடங்கிப்போனது. இரும்பும் ஈயமுமாக உட்கார்ந்து, சில்லின் ஒலி உள்ளீட்டுக் காலில் 330 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, சரிசெய்யப்பட்ட பிழையை மறுபடி வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு. ‘இது பக் இல்லை, ஃபீச்சர்’ என்று எங்கள் துறையில் சொல்லப்படும் பழைய ஜோக்குக்கு இவ்வளவு நேர்மையான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்த இசையை இன்னொரு கணினியில் கேட்க நினைத்தபோதுதான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. 1990களின் தொடக்கத்தில் அமிகாவில் ப்ளேசிட் என்ற நிரல் புழங்கியது. ஒவ்வொரு கடிகாரத் துடிப்பையும் பின்தொடர அந்த இயந்திரத்துக்குத் தெம்பில்லை. ஆகவே சாம்பிள் மேளம் உள்ள பாட்டுகளைப் பிரித்தெடுத்தவர்கள் அசல் நிரலையே மாற்றி எழுதினார்கள். ‘இந்த முகவரியில் சாம்பிள் இருக்கிறது, இந்த வேகத்தில் வாசி’ என்று சொல்லும் புதிய ரெஜிஸ்டர்களைக் கற்பனையாகச் சேர்த்தார்கள். அசல் சில்லில் அவை கிடையாது. போலச்செய்யும் நிரல் அசலை எட்டவில்லை, அதனால் பாட்டை வெட்டி அதற்குத் தைத்தார்கள். அப்படித் தைத்த கோப்பை நிஜக் கமடோரில் போட்டால் மேளம் வராது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, அன்று அதுதான் வழி. ஆனாலும் அந்தக் கோப்பு மட்டுமே மிஞ்சியிருந்தால், கால்வே எழுதியது இன்னதென்று சொல்ல எதுவும் இருந்திருக்காது.

டாக் லெம் எழுதிய ரீசிட் போன வழி வேறு. அவர் கையேட்டை நம்பி நிற்கவில்லை, சில்லையே கேட்டார். மூன்றாம் குரலின் அலையையும் ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் நிரலால் திரும்பப் படிக்க இரண்டு ரெஜிஸ்டர்கள் உண்டு. யானஸ் அவற்றை வேறு காரியங்களுக்காக வைத்திருந்தார், இங்கே அவை ஸ்டெதஸ்கோப் ஆயின. இரண்டு அலைவடிவங்களை ஒரே நேரத்தில் இயக்கினால் வரும் விசித்திர ஒலிக்குச் சூத்திரம் அமையவில்லை, எனவே நிஜச் சில்லிலிருந்து அளந்த எண்களையே அட்டவணையாகப் போட்டார். சில சமயம் ஒரு ஸ்வரம் தாமதித்து ஒலிப்பதற்கும் காரணம் பிடிபட்டது. உள்ளே ஒரு 15 பிட் எண்ணி இருக்கிறது. எதிர்பார்க்கும் எண்ணை அது ஏற்கெனவே தாண்டியிருந்தால் 32,768 வரை ஓடி, ஒரு சுற்று முடித்துத்தான் திரும்பி வரும். அதற்கு ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு ஆகும். ரீசிட் அந்தத் தாமதத்தையும் அப்படியே செய்கிறது. பிற்பாடு ஃபில்டருக்காகச் சில்லின் உட்பரப்பை எடுத்த புகைப்படங்களிலிருந்தே மின்சுற்றைப் படித்தார்கள்.

இயந்திரம் முழுவதையும் துல்லியமாக ஓட்ட முடிந்தபின் ஆர்சிட் என்ற கோப்பு வகை வந்தது. ‘என்னை மாற்றாதே, நிஜமான கமடோர் சூழலைக் கொடு’ என்பதுதான் அதன் பொருள். பாடல் சேகரிப்பாளர்கள் ஒட்டுப்போட்ட பழைய கோப்புகளை எடுத்துவிட்டு, அசலிலிருந்து மறுபடி பிரித்தெடுத்தவற்றை வைக்கத் தொடங்கினார்கள்.

ஃபில்டர் மட்டும் இன்னும் தகராறுதான். டிஜிட்டல் சில்லு செய்யும் முறையிலேயே அனலாக் பகுதியையும் செய்ததால், 6581களில் ஒன்றைப் போல் ஒன்று ஒலிக்காது. ஒன்றில் கணீரென்று கேட்பது இன்னொன்றில் போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். எந்தச் சில்லோடு பொருத்துவது? இசையமைத்தவரின் மேஜையில் இருந்ததோடா, கேட்டவர் வீட்டில் இருந்ததோடா? கோப்பின் தலைப்பகுதியில் 6581ஆ 8580ஆ என்று குறிக்க இடம் உண்டு. எந்த 6581 என்று குறிக்க இடமில்லை. இன்றைய வாசிப்பு நிரல்கள் சிலவற்றில் அதற்கென ஒரு நகர்த்துப் பட்டை வைத்திருக்கிறார்கள்.